எதிர்ப்பு சக்தியைக் கூட்டித் தர்றவங்க கவனத்துக்கு: ஒரு தொழுநோய் இழை

'இம்யூனிட்டி பூஸ்டர்' விக்கிறவங்களுக்கும், அதைக் காசு கொடுத்து வாங்குற உங்களுக்கும் சேர்த்துதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஓ.பி.யில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் "டாக்டர், எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு, ஏத்துறதுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க"ன்னு கேட்கறாங்க தெரியுமா? சளி பிடிச்சா எதிர்ப்பு சக்தி கம்மி. முடி கொட்டினா எதிர்ப்பு சக்தி கம்மி. கொரோனாவுக்கு அப்புறம் இது இன்னும் மோசம். எதிர்ப்பு சக்தின்னா ஏதோ மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க் மாதிரியும், அளவு குறைஞ்சா மோட்டார் போட்டு ஏத்திக்கலாம்கற மாதிரியும் ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வச்சுத்தான் பவுடர், லேகியம், சொட்டு மருந்து, மால்ட்னு ஒரு சந்தையே ஓடுது.

அந்த டேங்க் கதை பொய். அதுக்கு என்கிட்ட இருக்கிற பெரிய சாட்சி தொழுநோய்.

எதுக்கு இந்த நோயை எடுத்தேன்னா, இதுல மனுஷனோட கை, கால், கண்ணைக் கெடுக்கிறதுல கிருமியைவிட நம்ம எதிர்ப்பு சக்திக்குத்தான் பங்கு அதிகம். நம்ப முடியலையா? மேல படிங்க.

முதல்ல கிருமி. மைக்கோபாக்டீரியம் லெப்ரே. 1873-ல நார்வே நாட்டு பெர்கன் நகரத்துல ஹான்சன்கற டாக்டர் கண்டுபிடிச்சது. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. ஆனா பரம சோம்பேறி. வயிற்றுப்போக்கு உண்டாக்குற ஈ-கோலை மாதிரியான கிருமி நல்ல சாப்பாடு கிடைச்சா 20 நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாகும். இது ஒண்ணு ரெண்டாக கிட்டத்தட்ட 2 வாரம் எடுத்துக்கும். காசநோய்க் கிருமிக்கு சுமார் 4,000 ஜீன்கள் வேலை செய்யுதுன்னா இதுக்கு சுமார் 1,600தான். மீதி எல்லாம் துருப்பிடிச்ச பழைய இரும்பு மாதிரி ஜீனோமுக்குள்ள சும்மா கிடக்கு. அதனால இன்னொரு உயிரோட செல்லுக்குள்ள ஒண்டிக்குடித்தனம் இருந்தாத்தான் பிழைக்கும். கண்டுபிடிச்சு 150 வருஷம் தாண்டியும் எந்த லேபிலும் இதைத் தட்டுல வச்சு வளர்க்க முடியல.

முக்கியமான விஷயம் இனிமேதான். இந்தக் கிருமி விஷம் எதையும் சுரக்கிறது இல்ல. தொண்டை அடைப்பான், டெட்டனஸ் கிருமியெல்லாம் விஷத்தாலதான் ஆளைக் கொல்லும். இதுகிட்ட அந்த ஆயுதமே கிடையாது.

அப்புறம் எப்படி விரல் மடங்குது? பாதத்துல எப்படிப் புண் வருது?

இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். உடம்பு 37 டிகிரின்னா இதுக்கு 30, 33 டிகிரி போதும். அதனால தோல், மூக்கு, காது மடல், தோலுக்கு ஒட்டினாப்ல ஓடுற நரம்புகள்னு குடியேறும். நரம்பை ஒரு ஒயர்னு வச்சுக்கோங்க. அதைச் சுத்தி இன்சுலேஷன் போடுற வேலையைச் செய்யறது ஷ்வான் செல்கள். கிருமியோட மேல்பூச்சுல இருக்கிற ஒரு கொழுப்புப் பொருள், ஷ்வான் செல்லைச் சுத்தியிருக்கிற லேமினின்கற புரதத்துல போய் கச்சிதமா ஒட்டிக்குது. அப்படியே உள்ள போய் வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். தொத்தினதுல இருந்து அறிகுறி தெரிய சராசரியா 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும்.

இனி உங்க எதிர்ப்பு சக்தி என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்.

நம்மள்ல கிட்டத்தட்ட 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமி உள்ள வந்தாலும் நோய் வராது. உடம்பே பார்த்துக்கும். லேகியம் சாப்பிட்டதால இல்ல. பிறவியிலேயே நமக்கு வாய்ச்ச மரபணு அப்படி. மீதி இருக்கிற சிலருக்குத்தான் நோய். அவங்களுக்கும் ஒரே மாதிரி வராது. 1966-ல ரிட்லி, ஜாப்ளிங்னு ரெண்டு பேர் இதை ஒரு வரிசையா அடுக்கிக் காட்டினாங்க. அந்த வரிசையோட ரெண்டு முனையையும் பாருங்க.

ஒரு முனையில டி செல்கள் ரொம்ப உக்கிரமா வேலை செய்யற ஆட்கள். இன்டர்ஃபெரான் காமாங்கற ரசாயனத்தைச் சுரந்து, மேக்ரோபேஜ்ங்கற விழுங்கி செல்களை உசுப்பிவிடும். அதுங்க கிருமியைச் சுத்தி வளைச்சு கோட்டை கட்டி அழிக்கும். தோல்ல ஒண்ணு ரெண்டு தேமல்தான் இருக்கும். அதைச் சுரண்டிப் பார்த்தா கிருமியே கிடைக்காது. டேங்க் கதைப்படி இவர்தான் ஹீரோ. ஆனா இவருக்குத்தான் நரம்பு சீக்கிரமா போகுது. ஏன்? கிருமி ஷ்வான் செல்லுக்குள்ள இருக்கு. ஷ்வான் செல் கிருமியோட துண்டை மேல தூக்கிக் காட்டுது. டி செல் அதைப் பார்த்துட்டு அந்தச் செல்லையே போட்டுத்தள்ளுது. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் வீட்டையே இடிச்ச கதை. (கிருமியே நேரடியா நரம்பு உறையைக் கெடுக்கறதும் கொஞ்சம் உண்டு. ஆனா பெரிய சேதம் நம்ம ஆட்களோட கைவரிசை.)

மறு முனையில டி செல்கள் இந்தக் கிருமியைக் கண்டுக்கவே கண்டுக்காத ஆட்கள். விழுங்கி செல்கள் கிருமியை விழுங்கும், ஆனா கொல்லாது. உள்ள கிருமி பெருகிப் பெருகி, செல் கொழுப்பு நிறைஞ்ச நுரை மாதிரி ஆயிடும். ஒரு கிராம் திசுவுல 100 கோடிக்கு மேல கிருமி இருக்கலாம். காது மடல் தடிக்கும், புருவம் உதிரும், முகம் மினுமினுப்பா வீங்கினாப்ல இருக்கும். வலியே இருக்காது.

"பார்த்தீங்களா டாக்டர், இவருக்கு எதிர்ப்பு சக்தி இல்லைதானே?"ன்னு கேட்பீங்க. இல்லைங்க. இவர் ரத்தத்துல இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி ஏராளமா இருக்கும். முதல் ஆளைவிட எவ்வளவோ அதிகம். ஆனா கிருமி செல்லுக்குள்ள உட்கார்ந்திருக்கு, ஆன்டிபாடி வெளியில சுத்துது. வீட்டுக்குள்ள பாம்பு, தெருவுல பத்து பேர் தடியோட நிக்கிறாங்க. என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு, இவருக்கு மத்த நோய்களை எதிர்க்கிற திறன் நல்லாவே இருக்கும். காசநோய்க் கிருமியை எதிர்கொள்ளும், சாதாரண காய்ச்சலைச் சமாளிக்கும். இந்த ஒரே ஒரு கிருமி விஷயத்துலதான் உடம்பு கண்ணை மூடிக்குது.

அந்த ஒரு கண்ணைத் திறக்கிற மூலிகை எதுன்னு விக்கிறவங்களைக் கேளுங்க. அவங்களுக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கறதே தெரியாது.

இன்னும் ஒரு சாட்சி. 1980-கள்ல எச்.ஐ.வி. பரவினப்போ எல்லாரும் பயந்தாங்க. எய்ட்ஸ் வந்தவங்களுக்குக் காசநோய் பல மடங்கு ஏறுச்சு. அதோட பங்காளி தொழுநோயும் அப்படி வெடிக்கும்னு எதிர்பார்த்தாங்க. வெடிக்கல. மாறா என்ன நடந்துச்சு தெரியுமா? சில எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கூட்டு மருந்து கொடுத்து, சிடி4 எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சதும்தான், அதுவரைக்கும் மறைஞ்சு கிடந்த தொழுநோய்த் தேமல் சிவந்து வீங்கி வெளியே தெரிஞ்சது. எதிர்ப்பு சக்தி திரும்பி வந்ததும் நோய் தெரியுது! பிரசவத்துக்கும் இதே கணக்குதான். கர்ப்பத்துல கொஞ்சம் அடங்கியிருந்த எதிர்ப்பு, குழந்தை பிறந்த பிறகு திரும்ப எழும்போது, தொழுநோய் இருக்கிற அம்மாக்களுக்கு நரம்பு வீக்கம் வர்றது அதிகம்.

இதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு 'ரியாக்‌ஷன்'. இந்த இழையில நீங்க வேற எதை மறந்தாலும் இந்த வார்த்தையை மறந்துடாதீங்க.

தொழுநோய்க்கு மருந்து இருக்கு. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின்னு மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல பரிந்துரை செஞ்சது. மாத்திரை அட்டை எல்லா நாட்டுக்கும் இலவசம். நோய் கம்மியா இருந்தா 6 மாசம், அதிகமா இருந்தா 12 மாசம். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குத் தொத்தாது. குணமாகுது.

ஆனா கிருமி செத்து உடையும்போது அதோட துண்டுகள் வெளியே கொட்டுது. தூங்கிட்டு இருந்த டி செல்கள் முழிச்சுக்குது. அதுவரைக்கும் மங்கலா இருந்த தேமல் செக்கச்செவேல்னு வீங்கும். நரம்பும் வீங்கும். முழங்கையைக் கதவுல இடிச்சுக்கிட்டா 'ஷாக்' அடிக்குமே, அந்த நரம்பு எலும்புப் பள்ளத்துல, இறுக்கமான உறைக்குள்ள ஓடுது. வீங்க இடமில்லாம உள்ளேயே நசுங்கும். சில நாள்லயே, சில வாரத்துலயே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்து, பலம் போய், மடங்கிக்கும்.

இந்த நேரத்துலதான் வியாபாரி உள்ள வர்றான்.

என்கிட்ட வந்த ஒரு கொத்தனார் அண்ணன். நாற்பதைத் தாண்டினவர். முதுகுலயும் கையிலயும் தேமல். அட்டை வாங்கிட்டுப் போய் ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டார். மூணாவது மாசம் தேமல் சிவந்து முழங்கை வலிச்சது. பக்கத்துல ஒருத்தர், "இங்கிலீஷ் மாத்திரை சூடு, உன் எதிர்ப்பு சக்தியைக் கொன்னுடுச்சு"ன்னு சொல்லியிருக்கார். குளோஃபசிமின் தோலைக் கருக்கும், ரிஃபாம்பிசின் சாப்பிட்ட நாள் சிறுநீர் சிவப்பா போகும். ரெண்டுமே சாதாரணம், மருந்தை நிறுத்தினா சரியாகிடும். ஆனா அதையே காட்டி "விஷம் ஏறுது பாரு"ன்னும் பயமுறுத்தியிருக்காங்க. மாத்திரையை நிறுத்திட்டார். யூட்யூப்ல பார்த்து ஒரு 'எதிர்ப்பு சக்தி லேகியம்' வரவழைச்சார். மூணு மாச கோர்ஸ் 2,400 ரூபாய். அதை முடிச்சு அடுத்ததும் வாங்கியிருக்கார். எட்டு மாசம் கழிச்சு வரும்போது வலது கையில ரெண்டு விரல் மடங்கிப் போச்சு. கரணை பிடிக்க முடியல. சித்தாள் வேலையாவது பார்க்கலாம்னு போயிருக்கார், செங்கல் சுட்டது தெரியாம உள்ளங்கையில கொப்புளம்.

நரம்பு பலம் போய் 6 மாசத்துக்குள்ள வந்தா பெரும்பாலும் நிறைய மீட்கலாம். அதைத் தாண்டினா ரொம்பக் கஷ்டம். இந்த அண்ணனோட கையைத் திரும்ப வளைய வைக்க இப்போ அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருக்கோம். விரலை நிமிர்த்தலாம். உணர்ச்சியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

லேகியம் வித்தவனுக்கு இதுல என்ன நஷ்டம்? அவன் சேனல்ல கமென்ட் பாக்ஸ் பூரா "நன்றி ஐயா".

நியாயமா இவர் சாப்பிட்டிருக்க வேண்டியது பிரெட்னிசலோன். ஸ்டீராய்டு. கூட்டு மருந்தை நிறுத்தாம, கூடவே ஸ்டீராய்டு, பல வாரம், மெல்ல மெல்லக் குறைச்சு. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அமுக்கும். ஆமாங்க, அதுக்காகத்தான் கொடுக்கிறோம்! நரம்பைக் காப்பாத்த அந்த நேரத்துல எதிர்ப்பு சக்தியைக் குறைச்சாகணும். "ஐயோ ஸ்டீராய்டா"ன்னு அலறி அட்டையைத் தூக்கிப் போடுறவங்க, நரம்பையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடுறாங்க. (டாக்டர் சொல்லாம மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிச் சாப்பிடறது வேற கதை. அது கூடவே கூடாது.)

ரெண்டாவது வகை ரியாக்‌ஷன் ஒண்ணு இருக்கு. கிருமி ஏராளமா இருக்கிறவங்களுக்கு வர்றது. அந்த உதவாக்கரை ஆன்டிபாடி எல்லாம், செத்த கிருமித் துண்டுகளோட சேர்ந்து ரத்தக் குழாய்ல படியும். காய்ச்சல், உடம்பு பூரா வலிக்கிற சிவந்த கட்டிகள், கண் வீக்கம், விரை வீக்கம், சிறுநீரகம் வரைக்கும் போகும். 1960-கள் நடுவுல ஜெருசலேம்ல ஜேக்கப் ஷெஸ்கின்கற டாக்டர், வலியில தூக்கமே இல்லாம தவிச்ச ஒரு நோயாளிக்குத் தூக்கத்துக்காக தாலிடோமைடு கொடுத்தார். கர்ப்பிணிகள் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைங்க கை கால் வளராம பிறந்ததால 1961-ல சந்தையை விட்டே தூக்கின மருந்து அது. தூக்கம் வந்துச்சு. கட்டியும் காய்ச்சலும் சேர்ந்து அடங்குச்சு. பின்னாடிதான் தெரிஞ்சது, அது டி.என்.எஃப்.ங்கற எதிர்ப்பு சக்தி ரசாயனத்தைக் குறைக்குதுன்னு. 1998-ல அமெரிக்காவே இந்த ரியாக்‌ஷனுக்காக அதை அனுமதிச்சது. கர்ப்பம் ஆக வாய்ப்பிருக்கிற பெண்களுக்கு இன்னைக்கும் அதைத் தொடப் பயப்படுவோம். அவ்வளவு ஆபத்தான மருந்தைக்கூடக் கையில எடுக்கறோம்னா, கட்டுக்கடங்காத எதிர்ப்பு சக்தி எவ்வளவு ஆபத்துன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

"அப்போ சத்தான சாப்பாடே வேண்டாமா?"ன்னு கமென்ட்ல வருவீங்க. நல்லா சாப்பிடுங்க. வறுமையும் பட்டினியும் இருக்கிற இடத்துல தொழுநோய் அதிகம்ங்கறது உண்மை. முட்டை, பருப்பு, கீரை, காத்தோட்டமான வீடு, இதையெல்லாம் யாரும் வேண்டாம்னு சொல்லல. பிறந்ததும் போடுற பி.சி.ஜி. தடுப்பூசி இந்தக் கிருமிக்கு எதிராவும் ஓரளவு பாதுகாப்பு தருது. அது உடம்புக்குக் குறிப்பா ஒரு எதிரியை அடையாளம் காட்டுற வேலை. 'எல்லாத்தையும் பத்து மடங்கு ஏத்துவோம்'கற வேலை இல்ல.

சித்தா நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, இது உங்களைப் பத்தினது இல்ல. எங்க ஆஸ்பத்திரி சித்தா பிரிவுல இருக்கிற டாக்டர் மரத்துப்போன தேமலைப் பார்த்தா, அவரே கையைப் பிடிச்சு எங்க ரூமுக்குக் கூட்டிட்டு வருவார். பட்டம் இல்லாம மைக் மட்டும் வச்சிருக்கிறவங்களைத்தான் சொல்றேன்.

அதே ஆளுங்க 2022-க்கு அப்புறம் இன்னொரு கதையும் ஓட்டுறாங்க. "தொழுநோய்க் கிருமி கல்லீரலைப் புதுசாக்குமாம்!" எடின்பரோ விஞ்ஞானிகள் அர்மடில்லோங்கற, ஓடு போர்த்தின விலங்குல செஞ்ச ஆராய்ச்சி அது. கிருமி தன் வசதிக்காக செல்களைக் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பி, கல்லீரலைப் பெருசா வளர வைக்குது. அழகான ஆராய்ச்சி, நானும் ரசிச்சுப் படிச்சேன். அதுக்கும் உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற 'லிவர் டானிக்'குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"இதெல்லாம் பழைய காலத்து வியாதி டாக்டர், இப்போ எங்க இருக்கு?" இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கும். 2005 கடைசியில இந்தியா 'ஒழிப்பு' நிலையை எட்டினதா அறிவிச்சது. அந்த 'ஒழிப்பு'க்கு அர்த்தம் 10,000 பேருக்கு ஒருத்தருக்கும் கீழ சிகிச்சையில இருக்காங்கங்கறதுதான். பூஜ்யம் இல்ல. இன்னைக்கும் வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல புது நோயாளிகள் நம்ம நாட்டுல மட்டும். உலகக் கணக்குல பாதிக்கு மேல நாமதான். 'ஒழிஞ்சு போச்சு'ன்னு நினைக்கிறதால டாக்டர்களே தேமலைப் பார்த்ததும் படர்தாமரை களிம்பு எழுதி அனுப்புற கொடுமையும் நடக்குது.

'சதை அழுகிற வியாதி'ன்னு இன்னமும் சொல்றவங்களுக்கு ஒரு பேர்: பால் பிராண்ட். 1940-கள் கடைசியில நம்ம வேலூர்ல இருந்து வேலை செஞ்ச அறுவை சிகிச்சை டாக்டர். நோயாளிகளோட விரல்கள் தானா அழுகி விழறது இல்ல, வலி தெரியாததால சூடு பட்டு, குத்துப்பட்டு, புண்ணாகி, அந்தப் புண்ணால தேயுதுன்னு காட்டினவர். மடங்கின விரலை தசைநாண் மாத்தி நிமிர்த்துற அறுவை சிகிச்சையை அங்கதான் வளர்த்தெடுத்தார். எங்க கொத்தனார் அண்ணனுக்கு நடக்கப்போறதும் அந்த வழிவந்த ஆபரேஷன்தான். உலகமே வேலூருக்கும் கரிகிரிக்கும் செங்கல்பட்டுக்கும் வந்து இந்த நோயைப் படிச்சுட்டுப் போச்சு. நாம யூட்யூப்ல படிக்கிறோம்.

சரி, நீங்க செய்ய வேண்டியது. உடம்புல நிறம் மங்கின, இல்ல சிவந்த தேமல் இருக்கா? அரிக்குதான்னு பாருங்க. தொழுநோய்த் தேமல் பொதுவா அரிக்காது, வலிக்காது. அதனாலதான் யாரும் கண்டுக்கறது இல்ல. பால்பாயின்ட் பேனா முனையால மெதுவா தொட்டுப் பாருங்க, கண்ணை மூடிக்கிட்டு. பக்கத்துத் தோல்ல தெரியற தொடுகை தேமல்ல தெரியலைன்னா, அடுத்த நாள் காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பால் வெள்ளையா, தொட்டா நல்லா தெரியுதுன்னா அது பெரும்பாலும் வெண்புள்ளி. தொழுநோய் இல்ல, தொத்தாது, அந்த ஆளைப் பார்த்து ஒதுங்காதீங்க. தேமலே இல்லாம காது மடல் தடிச்சிருந்தாலும், புருவம் உதிர்ந்தாலும், கை காலில் மதமதப்பு இருந்தாலும் காட்டுங்க.

ஏற்கெனவே அட்டை சாப்பிடறவங்களுக்கு: தேமல் திடீர்னு சிவந்து வீங்கினா, முழங்கை, முழங்கால் பக்கம் நரம்பு வலிச்சா, விரல் பலம் குறைஞ்சா, கண் சிவந்தா, அட்டையை நிறுத்தாதீங்க. அதே அட்டையோட அன்னைக்கே வாங்க. இது அட்டை முடிஞ்சு வருஷம் ஆன பிறகும் வரலாம், அப்பவும் வாங்க. பாதம் மரத்துப் போனவங்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசமா கொடுக்கிறோம், கேட்டு வாங்குங்க. வீட்டுல கூட இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க. பரிசோதிச்சு, நோய் இல்லாதவங்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பா கொடுப்போம். வங்கதேசத்துல நடந்த பெரிய ஆய்வுல, முதல் ரெண்டு வருஷத்துல புது நோயாளிகளை அது பாதிக்கு மேல குறைச்சது.

எல்லாத்துக்கும் செலவு பூஜ்யம். லேகியத்துக்கு வச்சிருக்கிற அந்த 2,400 ரூபாய்க்கு முட்டை வாங்குங்க.